ஆறு மணிக்கு மேலே ஒரு வெள்ளிக் கோடு

"என் அண்ணன் பொய் சொல்றாரா, என் வீட்டுக்காரர் பொய் சொல்றாரா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

உள்ளே வந்தவள் நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காக்கிச் சட்டை, கையில் சாவிக்கொத்து, அழுது முடித்த கண். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வண்டியை இங்கே திருப்பியிருக்கிறாள்.

"ரெண்டு பேருமே சொல்லலாமே மேடம்," என்றான் ரேடியோ. "எங்க அனுபவத்துல அதுதான் ஜாஸ்தி."

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். ரேடியோ சட்டென்று மேஜையைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த மேஜைதான்.

அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் ஆளே இரண்டு பேர்தான். டீச்சர் பல வருடம் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர். பரீட்சையில் காப்பியடிப்பவர்களைப் பிடித்துப் பிடித்து, அந்த ருசி பாடம் நடத்துவதில் இல்லை என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். ரேடியோ அவருடைய உதவியாளன். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று இதுவரை யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

"உட்காரும்மா. மொதல்லேர்ந்து சொல்லு," என்றார் டீச்சர்.

வேன்காரி உட்கார்ந்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் பிரித்தாள். உள்ளே ஒரு கைக்கடிகாரம்.

ரேடியோவுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. எட்டு மூலை வைத்த உலோக வளையம். மூலைக்கு ஒரு குட்டி ஸ்க்ரூ. கறுத்த டயல். எண் எதுவும் கிடையாது, மணிக்கு ஒரு புள்ளிதான். ஆறு மணிப் புள்ளிக்குச் சற்று மேலே மட்டும் செங்குத்தாக ஒரு வெள்ளிக் கோடு. அந்தக் கோட்டுக்கு நடுவில் முடி நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி.

"இதை வித்தா நான் ஒரு வீடே வாங்கிடலாம் போலிருக்கே," என்றான்.

"அந்த மாதிரி ஒரு வாட்ச் என் அண்ணன்கிட்ட இருந்துச்சு. சோபா ஷோரூம் வச்சிருக்காரு. வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சேன்னு சொல்வாரு. அதைக் கட்டினா அன்னிக்கு முழுக்கக் கையை மடக்கவே மாட்டாரு. போன ஞாயித்துக்கிழமை ஒரு விருந்துக்குப் போனோம். அண்ணன் கையில வாட்ச் இல்ல. என் வீட்டுக்காரர் கையில இது. அண்ணனோட பார்ட்னர் இதைப் பார்த்துட்டு, 'அட, உங்களோடது மாதிரியே இருக்கே, உங்களோடது எங்க?'ன்னு சும்மாதான் கேட்டாரு. அண்ணன் திருதிருன்னு முழிச்சாரு. அப்புறம் ஒரே சத்தம். 'என்னோடது காணாமப் போச்சு, இதோ இவன்தான் திருடியிருக்கான்'னு."

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"'இது நானே செஞ்சது'ன்னாரு."

"வாட்ச் கடை வச்சிருக்காரா?" என்றான் ரேடியோ.

"இல்ல. பல்செட் செய்யறவர். டாக்டர் வாய்க்குள்ள அச்செடுத்து அனுப்புவாரு. இவர் அதைப் பார்த்து லேப்ல பல்லு செய்வாரு."

"பல்லுன்னா கடிக்கும், இது கடிகாரம். ஏதோ தூரத்துச் சொந்தம்தான்."

"ரேடியோ!"

"ஆஃப் பண்ணிட்டேன் டீச்சர்."

டீச்சர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "உள்ள திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தோம். உள்ள ஓடுற மிஷின் சாதாரணமானது. எந்தக் கடையிலயும் கிடைக்குமாம். 'அதை மட்டும்தான் வாங்கினேன், மத்ததெல்லாம் நான் செஞ்சது'ன்னு இவர் சொல்றாரு. 'என் ஒரிஜினல் மிஷினை உருவி வித்துட்டு மட்டமானதைச் சொருகிட்டான்'னு அண்ணன் சொல்றாரு. இதையும் பாருங்க."

அவள் போனை நீட்டினாள். படத்தில் ஒரு பெரிய சோபா. அதில் ஒரு பெரிய மனிதர். தாடையில் கை, கையில் கடிகாரம். முகத்தைவிடக் கடிகாரம்தான் காமிராவுக்கு நன்றாகப் பல்லிளித்தது. டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார். எட்டு மூலை. கறுப்பு டயல். ஆறு மணிக்கு மேலே இடைவெளி விட்ட அதே வெள்ளிக் கோடு.

"ஷோரூம் திறந்த அன்னிக்கு நான்தான் எடுத்தேன். ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள் வேன்காரி. "இவர் இதைச் செஞ்சு முடிச்சது போன மாசம்தான்ங்கறாரு. அப்ப அந்தக் கோடு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அண்ணன் கையில எப்படி வந்துச்சு? இவர்கிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரு."

"அண்ணன்கிட்ட பில் இருக்கா?"

"ஃப்ரெண்டு மூலமா வந்துச்சாம். பில் கிடையாதாம். சாயங்காலம் போலீசுக்குப் போறேன்னு சொல்லிட்டாரு. போலீஸ் வந்தா இவருக்கு லேப் வேலையும் போயிடும். அதுகூடப் போகட்டும்." அவள் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தாள். "ஞாயித்துக்கிழமை ஆனா 'லேப்ல வாட்ச் செய்யறேன்'னு போயிடுவாரு. நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்ல. இப்ப அவரைப் பார்த்தா யாரோ வெளி ஆள் மாதிரி இருக்கு டீச்சர். பக்கத்துல உட்கார்ந்து சந்தேகப்பட்டுட்டே இருக்க என்னால முடியாது. திருடன்னா திருடன்னு சொல்லிடுங்க. ஒரேயடியா அழுதுடறேன்."

ரேடியோவுக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் வரவில்லை. அவனுக்கே அது புதிதாக இருந்தது.

"முதல்ல உன் வீட்டுக்காரரைப் பார்த்துடுவோம்," என்று டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

* * *

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் லேப். உள்ளே நுழைந்ததும் ரேடியோ ஓரடி பின்வாங்கினான். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். அத்தனையும் அவனைப் பார்த்துச் சிரித்தன.

"என் ஜோக்குக்கு இவ்வளவு பேர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல," என்றான்.

பல்செட்காரர் ஒல்லியான மனிதர். நகக்கண்ணில் மெழுகு. மனைவி கூட வந்திருப்பதைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்ல ஒரே ஸ்டூல்தான் இருக்கிறது என்று தவித்து, கடைசியில் அந்த ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் வந்தது. மெழுகில் உருவம் பிடித்து, அதைச் சுற்றி அச்சு கட்டி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, பல்செட்டுக்கு ஊற்றும் உலோகத்தையே ஊற்றியிருக்கிறார். மூலை ஸ்க்ரூக்கள் தாடையில் பல் பொருத்துகிற ஸ்க்ரூக்கள். டயலுக்குக் கறுப்பு, பல்லுக்குப் பளபளப்பு ஏற்றும் அதே தூரிகை.

"அச்சு எங்க?"

"அச்சை உடைச்சாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும் மேடம். குப்பைக்குப் போயிடுச்சு."

"மெழுகு?"

"உருகிடுச்சு."

"சாட்சியே இல்லாம ஒரு வேலையைச் செய்யறதுக்கு உங்ககிட்ட டியூஷன் வரணும் சார்," என்றான் ரேடியோ.

டீச்சர் கடிகாரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தக் கோடு?"

அதுவரை வாடிக் கிடந்த முகம் மலர்ந்தது. "வெள்ளிக் கம்பி மேடம். டயல்ல பள்ளம் கீறி, கம்பியை உள்ள அழுத்திப் பதிச்சது. மத்த வேலை மொத்தத்தையும் விட இதுக்குத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன். நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாருங்க. கம்பி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது மூடிக்கும்."

"இது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம். படத்துல இருந்துச்சு, செஞ்சேன். எங்க தொழில் அப்படி. அச்சுல பக்கத்துப் பல்லு கோணலா இருந்தா கோணலாத்தான் செய்யணும். ஏன் கோணல்னு நாம யோசிச்சுத் திருத்தினோம்னா வாயில பொருந்தாது."

"எந்தப் படம்?"

"கீழ கிளினிக்ல ஒரு பத்திரிகை கிடக்கும். அதுல விளம்பரம். போன்ல படம் பிடிச்சு, பெரிசு பண்ணி, அதைப் பார்த்துத்தான் அளவெடுத்தேன். அந்த போன் பிளாஸ்டர் வாளியில விழுந்து செத்துப்போச்சு. பத்திரிகை இருக்கும். எங்க டாக்டர் எதையும் தூக்கிப் போட மாட்டார்."

"சரி. இதுதான் நீங்க செஞ்ச முதல் வாட்ச்சா?"

பல்செட்காரர் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். முகத்தை அல்ல; அவள் வகிட்டை. பிறகு திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"கேக்கறாங்கல்ல? சொல்லுங்களேன்!" என்றாள் வேன்காரி.

அவர் குனிந்து ஸ்டூலைத் துடைக்க ஆரம்பித்தார். வேன்காரி வெடுக்கென்று படியிறங்கிப் போய்விட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஊருக்கெல்லாம் வாய் கட்டுறவர், தன் வாய்க்குப் பூட்டு போட்டுட்டாரே," என்று முணுமுணுத்தான் ரேடியோ. "அதென்ன டீச்சர், பொண்டாட்டி தலையையே பார்க்கறாரு? நரைமுடி எண்ணறாரா?"

"நீயும் பார்த்தியா?" என்றார் டீச்சர். "பரவாயில்லையே."

* * *

கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் ஒரு மேஜை, அதன்மேல் பத்திரிகைக் குவியல். சமையல் குறிப்பு, ராசிபலன், கார் விளம்பரம் எல்லாம் இருந்தன. அவர்கள் தேடியது மட்டும் இல்லை. அது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளியின் மடியில் இருந்தது. ஒரு பக்கக் கன்னம் பொதபொதவென்று வீங்கியிருந்த அந்த மனிதர் அதை விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் அதைக் குடுக்கறீங்களா?" என்றார் டீச்சர்.

"ம்ஹூம்," என்றார் வீங்கிய கன்னம். பத்திரிகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

டீச்சர் ரேடியோவைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். ரேடியோ குஷியாகிவிட்டான். போய் அந்த மனிதருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

"கடைவாய்ப் பல்லா சார்? எனக்கும் அதேதான். பயப்படாதீங்க, மிஷின் உள்ள போற வரைக்கும்தான் வலி. அப்புறம் நமக்கு நினைவு இருக்காது. எங்க சித்தப்பா இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தார். நல்ல மனுஷன். இப்பல்லாம் கஞ்சிதான் குடிக்கறாரு, ஆனா சந்தோஷமா இருக்காரு. அதோ, உள்ள கொர்ர்னு சத்தம் கேக்குதே, அது எலும்பு வந்துடுச்சுன்னு அர்த்தம்…"

வீங்கிய கன்னம் எழுந்தது. பத்திரிகையை ரேடியோவின் கையில் திணித்தது. வாசலைத் தாண்டியதும் ஓட்டமெடுத்தது.

"டாக்டருக்கு ஒரு கிராக்கி போச்சு," என்றார் டீச்சர்.

"அந்த ஆளுக்கு ஒரு பல்லு மிச்சம்."

டீச்சர் பத்திரிகையைப் புரட்டினார். சரியாக நடுப்பக்கத்தில், இரண்டு தாளையும் சேர்த்து, விளம்பரம். இருட்டுப் பின்னணியில் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம். எட்டு மூலை, எட்டு ஸ்க்ரூ, கறுத்த டயல். ரேடியோ எட்டிப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"போச்சு டீச்சர். ஆறு மணிக்கு மேல அதே கோடு. நடுவுல இடைவெளிகூட இருக்கு."

"ஆமா."

"அப்ப கம்பெனியே அந்தக் கோட்டைப் போட்டுத்தான் விக்குது. சோபாக்காரர் கையில இருந்தது அசல்தான்னு ஆயிடுச்சு. பாவம் டீச்சர் அந்தப் பொண்ணு. மேல இருக்கற மனுஷன் பார்க்க அவ்வளவு நல்லவரா இருக்காரு…"

அவன் நிறுத்திவிட்டுத் திரும்பினான். டீச்சர் விரல் நுனியால் அந்தக் கோட்டை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ரேடியோ பயந்துவிட்டான். இல்லை. சிரிப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணை வண்டியை எடுக்கச் சொல்லு. அவ வீட்டுக்காரரும் வரட்டும். சோபா பார்க்கப் போறோம்."

"என்னன்னு எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்ல?"

"உன்கிட்ட சொன்னா நாம போறதுக்கு முன்னாடி அது அங்க போய்ச் சேர்ந்துடும்."

* * *

பள்ளிக்கூட வேனின் இருக்கைகள் சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. ரேடியோவின் முழங்கால் தாடையை இடித்தது. பேச வழியில்லாமல் எதிரே பார்த்துக்கொண்டு வந்தான். வேன்காரி யாரோடும் பேசாமல் ஓட்டினாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பல்செட்காரர் வழி முழுக்க அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஷோரூமில் சோபாக்காரர் இருக்கிறதிலேயே பெரிய சோபாவில், அதன் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும், "வா பாப்பா," என்றார். பின்னால் வந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதே மூச்சில் இடது மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்றதும் கையை ஒரு மெத்தைக்கடியில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. பத்திரிகையின் நடுப்பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தார்.

"உங்க வாட்ச் இதுதானான்னு பாருங்க சார்."

சோபாக்காரருக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. "இதேதான்! பார்த்தியா பாப்பா? கம்பெனி விளம்பரம்! கோடு இருக்கா? இடைவெளி இருக்கா? அச்சு அசல் என் வாட்ச்!"

"அந்தக் கோடு எதுக்கு சார்? எனக்கு விவரம் பத்தாது," என்றார் டீச்சர், இல்லாத பணிவோடு.

"அது தெரியாமத்தான் வந்தீங்களா? அதுதான் மேடம் விசேஷமே. உள்ள இருக்கற மிஷினுக்கு அதுதான் நடு அச்சு. உலகத்துல கொஞ்சம் பேருக்குத்தான் அந்தக் கோடு போட்டுக் குடுத்தாங்க. மந்திரிங்க, சினிமாக்காரங்க, அப்புறம் நான்."

"நடுவுல இருக்கற இடைவெளி?"

சோபாக்காரர் ஒரு கணம் யோசித்தார். "காத்து போக. வாட்ச் மூச்சு விடணும்ல?"

ரேடியோவுக்கே தன் மணிக்கட்டைப் பார்த்து, இது மூச்சு விடுகிறதா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப கோடு இல்லாதது?" என்றார் டீச்சர்.

"டூப்ளிகேட். கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்."

"கண்ணைத் திறந்தே வச்சுக்குங்க சார்."

டீச்சர் தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். விளம்பரத்தில் இருந்த வெள்ளிக் கோட்டின் ஒரு பாதிக்கு அடியில் அதைச் சொருகி நெம்பினார். கோடு எழுந்து நின்றது! இன்னொரு பாதியையும் நெம்பினார். அதுவும் எழுந்து நின்றது. பத்திரிகையைத் திருப்பி முதுகுப்பக்கம் பிடித்து இழுத்தார். டக். கையில் ஒரு ஸ்டேப்ளர் பின் வந்தது.

இன்னொரு பின் எப்போதோ விழுந்திருந்ததால், நடுப்பக்கம் கழன்று சோபாக்காரரின் மடியில் சரிந்தது. கடிகாரம் இருந்தது. கோடு இல்லை. கோடு இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்.

"இது… இது என்னது?" என்றார் சோபாக்காரர்.

"மந்திரிக்கும் சினிமாக்காரங்களுக்கும் போட்டுக் குடுத்தது சார்," என்றான் ரேடியோ. அவனால் நிற்க முடியவில்லை. பக்கத்துச் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

எல்லோரையும்விட அதிர்ந்துபோனவர் பல்செட்காரர்தான். திருட்டுப் பட்டத்தைக்கூட நிமிர்ந்து வாங்கிக்கொண்ட மனிதர் இப்போது மெல்ல அருகே வந்து, அந்தப் பின்னை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"பின்னா?" என்றார். "இடைவெளியோட சேர்த்து வெள்ளியில பதிச்சேனே… பின்னா அது?"

"நீங்க அச்சுல இருந்ததைச் செஞ்சீங்க. அதுல கெட்டிக்காரர்தான்," என்றார் டீச்சர்.

சோபாக்காரர் எழப் பார்த்தார், பிறகு எதற்கோ மனம் மாறி அழுத்தி உட்கார்ந்துகொண்டார். "சரி, சரி. இது இவன் செஞ்சதுதான். ஒத்துக்கறேன். மாடல் ஒரே மாதிரி இருந்ததால தப்பா நினைச்சுட்டேன். என்னோடது வேற எங்கயோ தொலைஞ்சிருக்கும். போலீஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் ஜூஸ் சாப்பிடறீங்களா?"

"ஜூஸ் அப்புறம்," என்றார் டீச்சர். "நான் பரீட்சைப் பேப்பர் திருத்தினவ சார். ரெண்டு பசங்க ஒரே சரியான விடையை எழுதினா விட்டுடுவேன். படிச்சிருப்பாங்க. ஒரே தப்பை எழுதினா விட மாட்டேன். அதைத் தனித்தனியா யாராலயும் எழுத முடியாது." அவர் வேன்காரியின் போனை வாங்கி, ஷோரூம் திறந்த நாளின் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க கையில இருந்த வாட்ச். ஆறு மணிக்கு மேல பின். கம்பெனியில செஞ்சவனுக்கு இந்தப் பல் டாக்டர் கிளினிக் பத்திரிகையோட பின் எப்படித் தெரியும்? இந்த ஒரு பிரதியைப் பார்த்து வாட்ச் செஞ்சவர் ஒருத்தர்தான். அவர் இங்கயே நிக்கறாரு."

வேன்காரி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"அண்ணன் வாட்ச்சும் நீங்க செஞ்சதா?"

பல்செட்காரரின் பார்வை அவள் வகிட்டுக்குப் போனது. உதடு இறுகியது.

"உங்களைத் திருடன்னு சொன்னாங்க. நான்கூட நம்பிட்டேன். அப்பகூடச் சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" அவள் குரல் உடைந்துவிட்டது.

"அவரால சொல்ல முடியாதும்மா," என்றார் டீச்சர். "காலையிலேர்ந்து பார்க்கறேன். அந்த வாட்ச் பேச்சை எடுத்தாலே உன் தலையைப் பார்க்கறாரு. ஏதோ அங்க இருந்து விழுந்துடும்ங்கற மாதிரி. ஒரு ஆம்பளை ஜெயிலுக்குக்கூடத் தயாரா நின்னுட்டு, பொண்டாட்டி தலையைப் பார்த்துப் பயப்படறார்னா அதுக்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். யாரோ உன் தலைமேல சத்தியம் வாங்கியிருக்காங்க."

வேன்காரி சாவிக்கொத்தைக் கீழே வைத்தாள். பிறகு நேராக அந்தப் பெரிய சோபாவுக்குப் போனாள். அண்ணன் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

"அண்ணா. என் தலையில கை வை."

"பாப்பா, எழுந்திரு. என்ன இது சின்னப் பிள்ளையாட்டம்?"

"கை வச்சு, 'அது கடையில வாங்கினது'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நானே இவரை வேன்ல ஏத்திட்டுப் போய் போலீஸ் ஸ்டேஷன்ல இறக்கிவிடறேன். வை அண்ணா."

சோபாக்காரரின் கை உயர்ந்தது. தங்கையின் தலைக்கு மேலே வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ரேடியோ அந்தக் கையையே பார்த்தான். நாலு பேர் முன்னால் மடக்கவே மடக்காமல் நீட்டி நீட்டிக் காட்டிய அந்தக் கை, இப்போது வெறுங்கை.

"என்னால முடியாது பாப்பா," என்றார் அவர். கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். "கடை திறக்கற நேரம். பார்ட்னர் ஆகறவன் பெரிய இடம். என்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயம். மாப்பிள்ளை முதமுதல்ல ஒண்ணு செஞ்சு வச்சிருந்தாரு. அதைக் கேட்டு வாங்கிட்டேன். அதைப் பத்தி யார்கிட்டயும், ஏன், என்கிட்டகூட வாயைத் திறக்கக் கூடாதுன்னு உன் தலைமேல சத்தியம் வாங்கினேன். வேற எது மேல வாங்கினாலும் மீறிடுவார்னு தோணுச்சு. அன்னிக்கு விருந்துல இன்னொண்ணைக் கட்டிட்டு வந்து நிக்கறாரு. கட்ட மாட்டேன்னு சத்தியம் வாங்கலையே நான்! ரெண்டும் ஒண்ணா கண்ணுல படக் கூடாதேன்னு என்னோடதைக் கழட்டிப் பையில போட்டுட்டேன். பார்ட்னர் கேட்டதும் வாயில வந்ததை உளறிட்டேன். அப்புறம் அதைத் திரும்ப முழுங்கத் தெரியல."

அவர் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த மெத்தையின் ஜிப்பை இழுத்து உள்ளே கைவிட்டு ஒரு கடிகாரத்தை எடுத்தார். எட்டு மூலை. கறுத்த டயல். ஆறு மணிக்கு மேலே ஒரு பின்.

"இவ்வளவு நேரம் முட்டை அடைகாத்த மாதிரி உட்கார்ந்திருந்தீங்களே சார்," என்றான் ரேடியோ, மிக மெதுவாக. இந்தத் தடவை டீச்சர் முறைக்கவில்லை.

வேன்காரி அதை வாங்கினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அண்ணனின் இடது கையை இழுத்து, அவளே வாரை மாட்டி இறுக்கினாள்.

"இனிமே இதைத்தான் கட்டிக்கணும். யார் கேட்டாலும் என் வீட்டுக்காரர் செஞ்சதுன்னு சொல்லணும். முதல்ல உன் பார்ட்னர்கிட்ட. இன்னிக்கே."

சோபாக்காரர் தலையாட்டினார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். பார்க்க முடியாமல் கீழே குனிந்தார்.

"சத்தியமெல்லாம் விட்டாச்சு மாப்பிள்ளை. பேசுங்க. என்ன வேணா திட்டுங்க. நாலு சாத்து வேணாலும் சாத்துங்க. வாங்கிக்கறேன்."

எல்லோரும் பல்செட்காரரையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். மனைவியின் தலையை ஒரு தடவை பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் அருகே வந்து சோபாக்காரரின் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, கடிகாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், இதுக்குத் தண்ணி ஆகாது," என்றார். "கை கழுவும்போது கழட்டி வச்சுடுங்க. ரெண்டு வருஷமா உங்ககிட்ட இதைச் சொல்ல முடியாம தவிச்சிட்டிருந்தேன்."

சோபாக்காரர் பெரிய மனிதர். பெரிய சோபா வேறு. அதில் பொத்தென்று உட்கார்ந்து, கடை வாசல் திறந்திருப்பதைக்கூட மறந்து, வாய்விட்டு அழுதார்.